எழுபத்திரண்டாவது மணி

ஞாயிறு காலை ஏழரை.
வளாகத்தில் குளிர்சாதனமும் நானும்தான் விழித்திருக்கிறோம்.
வரிக்குதிரை மீனின் முட்டைக்கு
விடுமுறை கிடையாது.
குழித்தட்டை நுண்ணோக்கிக்குக் கீழே தள்ளுகிறேன்.

முதல் வரிசை வெறும் நீர்.
நேற்று முன்தினம்
ஒவ்வொரு குமிழுக்குள்ளும் சுருண்டு கிடந்தது
ஒரு பிள்ளையார் சுழி.
இன்று சுழி அவிழ்ந்து, கோடாகி, வாலாகி,
தட்டைத் தொட்டதும் சிதறி ஓடுகின்றன.
உடம்புக்குள் ஒளிவு மறைவே இல்லை.
இதயத்தை எண்ணுகிறேன்:
பதினைந்து நொடிக்கு நாற்பது.

ஐந்தாம் வரிசைக்குப் போகும் முன்
தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன்
(உள்ளே குடித்தால் சியூ கெங் திட்டுவாள்).
சிராங்கூன் ரோட்டில் வாங்கிய செம்பு பாட்டில்.
இரவு முழுக்க ஊறிய நீர்
உடம்புக்கு அத்தனை நல்லது என்று
கடைக்காரர் சத்தியம் செய்தார்.
இருக்கலாம்.
நான் அறுபது கிலோ.

ஐந்தாம் வரிசையும் செம்புத் தண்ணீர்தான்.
மைக்ரோகிராம் கணக்கில் நானே அளந்து
நானே கலந்தது.
நிறமில்லை, மணமில்லை,
பக்கத்துக் குழியைப் போலவே பளபளக்கிறது.
சுழிகள் சுழிகளாகவே இருக்கின்றன,
பிள்ளையார் சுழி போட்டு
அப்புறம் எழுதாமல் விட்ட கடிதங்கள் போல.
சவ்வைக் கிழித்து வரத் தெரியவில்லை.
வந்த மூன்றில்
ஒன்றுக்கு முதுகு கோணல்,
ஒன்றுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது.
மூன்றாவது நேராக இருந்தது.
அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதை
குறிப்பேட்டில் எழுதவில்லை.

மதியம் சாப்பிட வந்தார் தனுஷ்கோடி மச்சான்,
தேக்கா சந்தையில் வாங்கிய கொடுவாயோடு.
செம்பவாங்கில் கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டுகிற வேலை.
செம்பு வாங்கு, செம்பு வாங்கு என்று
ரயில் அறிவிப்பு கூப்பிடுவதாக
வந்த புதிதில் சொல்லிச் சிரிப்பார்.
எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும்
காது மடலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு.

"அது எதுக்கு மச்சான், அந்தப் பெயின்ட்?"
"கொட்டலசு ஒட்டக் கூடாதுல்ல.
ஒட்டுச்சுன்னா கப்பல் கனத்துடும்.
சுரண்டுன தூள் ஒரு பொட்டு விடமாட்டோம்,
தார்ப்பாய் கட்டி, அள்ளி, மூட்டைக்குக் கணக்கு."
"கடல்ல போறப்ப கரையாதா?"
முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.
"கரையறதுக்குத்தானம்மா பூசுறதே."

இரண்டாம் முறை சோறு கேட்டார்.
அக்காவுக்குப் போன மாதம் அனுப்பியது போதவில்லையாம்.
குழம்பு நன்றாக இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

செவ்வாய். ஐந்தாம் நாள்.
விரலகல வாய்க்காலில் நீரை மெல்ல ஓட விட்டோம்.
முதல் வரிசைக் குஞ்சுகள்
யாரும் சொல்லித் தராமலே
தலையைத் திருப்பி ஓட்டத்துக்கு எதிரே நின்றன.
பிறகு, அந்த நேரானது.

மீனுக்கு விலா நெடுக
மயிரிழை உணர்வுகள் உண்டு.
நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை
அவைதான் சொல்லும்.
இதற்கு அவை செத்திருந்தன.
முதுகு நேர், கண் தெளிவு, இதயம் நாற்பது.
ஓட்டம் தள்ளத் தள்ள
வால் முன்னே போக, தலை பின்னே போக,
ஒருமுறை குறுக்கே திரும்பி
அப்படியே போய்க்கொண்டிருந்தது.

எதிர்நீச்சல் போடு என்று
எல்லாருக்கும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.
எது எதிர் என்று
முதலில் தெரிய வேண்டாமா?

சியூ கெங் படிவத்தை நீட்டினாள்.
இரண்டே கட்டங்கள்.
'உயிருடன்' என்பதில்
குறியிட்டேன்.