யா

சிலோயே தீவில் வீடுகள் இடம் மாறும்.
தரையிலிருந்து பெயர்த்து
அடியில் இரண்டு நீண்ட மரங்களைச் செருகி
ஏழு ஜோடி எருதுகளைப் பூட்டினால்
ஜன்னல் திரை ஆட ஆடக் கிளம்பிவிடும்.

இன்று எர்மிந்தாவின் வீடு போகிறது,
கழிமுகத்தின் அந்தக் கரைக்கு.
நிலம் நொல்பெர்த்தோவின் அண்ணனுடையது.
வீடு இவளுடையது.
நீதிமன்றம் இதைச் சொல்லப் பதினோரு மாதம் ஆயிற்று.

"யா?" என்கிறான் எருதுக்காரன் எலாடியோ.
ஆகட்டுமா என்று பொருள்.
"யா" என்கிறாள். ம்.
அப்புறம் அவன் தொண்டை கிழியக் கத்தும்
"யாஆஆ!"வுக்குப்
பதினான்கு முதுகுகளின் தசைதான் பொருள்.

ஸ்பானிஷில் இரண்டு எழுத்து.
நமக்கு ஒன்றே ஒன்று. பழைய தமிழில் அது
யானை பட்டை உரித்துத் தின்னும் ஒரு மரம்.
எவை, எவை என்ற கேள்வியும்கூட.
இங்கே, மழையில் கறுத்த ஓட்டுப்பலகைகள் முனக
ஒரு மர வீடு சரிவில் இறங்குகையில்
இரண்டுமே பொருந்துகின்றன.

மாடி ஜன்னலில் தலை நீட்டி
மகன் திர்சோ: "யா?"
வந்துட்டோமா.
இன்னும் வேலியைக்கூடத் தாண்டவில்லை.

"நொல்பெர்த்தோ குடிச்சுட்டு அழுதானாம்"
என்கிறாள், கயிற்றைப் பிடித்தபடி பக்கத்து வீட்டு ஒதிலியா.
"யாஆ..." என்று இழுக்கிறாள் எர்மிந்தா.
நம்பிட்டேன் போ.

சேற்றில் ஓர் எருது முழங்கால் மடித்தது.
கயிறு அறுந்து எலாடியோவின் காதோரம் விசிறிப் போனது.
அவன் கம்பைத் தூர எறிந்துவிட்டு
அதன் நெற்றியில் நெற்றி வைத்து
யா, யா, யா என்றான், மிக மெதுவாக.
அவ்வளவுதான். முடிஞ்சுது. ஒண்ணுமில்லை.
அது எழுந்திருக்க அரைமணி நேரம்.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்த அரைமணியில்தான் போன் வந்தது.
"இழுக்கிறாங்களா?"
"யா."
"கயிறு பிடிக்க ஓர் ஆள் குறையுமே. வரட்டுமா?"

கழிமுகத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது.
படகுகள் காத்திருந்தன.

"யா நோ" என்றாள்.

வெறும் நோ என்றால் இல்லை, அவ்வளவுதான்.
யா நோ அப்படியல்ல.
ஒரு காலத்தில் ஆமாம் என்றிருந்ததை
ஒத்துக்கொண்டு சொல்லும் இல்லை அது.
அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.
பதில் பேச நேரமானது. கடைசியில்
"யா" என்றான். சரி.
அவள் போனை ஏப்ரனில் துடைத்தாள்,
அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பொழுது சாய, பீப்பாய்கள் கட்டிய வீடு
கொஞ்சம் கோணலாக மிதந்துபோனது.
அடுப்பில் மறந்துவிட்ட கெண்டியும் உள்ளே இருந்தது.
அக்கரையில் சிப்பியும் உருளைக்கிழங்கும் வேகும் வாசனை.

இக்கரையில் ஒரு மஞ்சள் செவ்வகம்,
பத்து வருடம் வெயில் படாத மண்.
விட்டுப்போன மூன்று கோழிகள்
வழக்கம்போல் அடைய வந்து
வாசல் இருந்த இடத்தில்
நின்றுகொண்டிருந்தன.