ஏழாவது திருத்தம்

ஏழாவது திருத்தத்தில்தான்
நடுப்படிக்கட்டை அகலமாக்கினேன்.
வேதியியல்காரர்கள் இறங்கும்போது
உயிரியல்காரர்கள் ஏற வேண்டும்,
தோள் இடித்துக்கொள்ள வேண்டும்,
இடித்த இடத்தில் ஒரு கேள்வி விழ வேண்டும்.
குழுவின் முன் இப்படித்தான் விளக்கினேன்.
டத்தோ தலையாட்டினார்.
கண்ணாடிச் சுவருக்கு மட்டும்
இரண்டு மாதம் வாதாடினேன்.

திறந்து ஒன்றரை ஆண்டு.
குளுகோர் மேட்டில் மழை சாய்த்தடித்த பிற்பகல்
கசிவு பார்க்கப் போனேன்.
படிக்கட்டில் ஒருவருமில்லை.
குளிரூட்டி ஊதுகிற ஊதலில்
அங்கே உட்கார்ந்தால் எலும்பு விறைக்கும்.
கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள்.
உள்ளே லேசராம்.

சிரிப்பு பின்பக்கமிருந்து வந்தது,
நைட்ரஜன் உருளைகள் இறக்குகிற மேடையிலிருந்து.
உருளைகள் நனையக் கூடாதென்று
தகரக் கூரையை ஒரு மீட்டர் நீட்டியிருந்தேன்,
அவ்வளவுதான்.
அதன் கீழே பாதுகாவலர் ஜைனல் கொண்டுவந்து போட்ட
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஒன்றுக்குக் கால் உடைந்திருக்கிறது.
பையில் கட்டிய தே தாரிக்கோடு
மழை விடக் காத்திருக்கிறார்கள்.
பொற்கலை கொசுவின் உமிழ்நீர் பற்றிச் சொல்லச் சொல்ல
சியூ லிங் அட்டைப்பெட்டியைக் கிழித்து
அதில் ஓர் அறுகோணம் வரைகிறாள்.
"இது ஒட்டுமா?"
"ஒட்டலாம். திங்கட்கிழமை நாலு சொட்டு கொண்டு வா."

என்னை யாருக்கும் தெரியவில்லை.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, சாரல் படுது."
தள்ளி நின்றேன்.
கைப்பேசியில் பழைய வரைபடத்தைத் திறந்து
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அந்த இடத்துக்கு நான் வைத்த பெயர்:
குப்பை, சரக்கு, இதர.