பன்னிரண்டு டிகிரி

மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி எடுத்து
பன்னிரண்டு டிகிரி சாய்த்தேன்.
தெற்கே பார்க்க வேண்டுமாம்.
சேர்வராயன் மலைக்கு
முதுகு காட்டி நின்றது பேனல்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசு மணி பற்றவைக்கும் கைக்கு
ஒயர் முனை என்ன பிரமாதம்.
பிளஸ்ஸை மைனஸில் சொருகியது
ஏணி பிடித்த தெய்வானைக்கு மட்டும் தெரியும்.
ஃப்யூஸ் நாற்பது ரூபாய்.
இன்னும் சிரிக்கிறாள்.

பத்தரைக்கு எண்கள் ஏறின,
ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு.
பதினொன்றுக்குச் சட்டென்று பாதி.
அண்ணாந்து பார்த்தேன், மேகமே இல்லை.
நசீமா வீட்டு மாடிக் கொடியில்
பூப்போட்ட ஈரப் போர்வை
தன் நிழலை என் பேனல்மேல் விரித்திருந்தது.

கேட்கத்தான் போனேன்.
குழந்தை ராத்திரி நனைத்துவிட்டதாம்,
இருப்பதே அது ஒன்றுதானாம்.

அவர்களுக்கும் இந்த வெயில்தான்.
காயட்டும் என்று
படியிறங்கினேன்.