வால் வைத்த கோப்பு

ராத்திரி இரண்டே முக்கால்.
குப்பம் பால் குளிரூட்டும் நிலையம், மாடியில் கண்ணாடி அறை.
கீழே கம்ப்ரஸர் விட்டு விட்டு இருமுகிறது.
வட்டில் இடமில்லை என்று திரை சிவக்கிறது:
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

நிரல்கள் கிடக்கும் அடைவைத் திறந்தேன்.
எல்லாம் இரண்டிரண்டு.
அனுப்பி. அனுப்பி_ஆர்.
பெறுநன். பெறுநன்_ஆர்.
ஒரே தேதி, ஒரே நிமிடம்,
எடையில் மட்டும் பதினோரு கேபி ஏறக்குறைய.
எது ஓடுகிறது என்று கேட்டேன்.
வாலில்லாததுதான், என்றது இயந்திரம்.

வால் வைத்த ஒன்பதையும் அழித்தேன்.
தொண்ணூற்றாறு.
ஒரே ஒரு புள்ளி.
ஃப்ளாஸ்கில் மிச்சமிருந்த டீயைக் குடித்தேன்,
பெரிய வேலை முடித்தவள் மாதிரி.

ஐந்தே கால்.
ராமகுப்பம், வீ.கோட்டை,
எல்லைக்கு அந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி வரைக்கும்
நாற்பத்தொரு தராசுகள்
ஒரே மூச்சில் பேசத் தொடங்கின,
பாதி தமிழில், பாதி தெலுங்கில், எல்லாம் லிட்டரில்.
வரிசை நின்றது.

குருவராஜு போனில்:
"மேடம், பால் வந்துடுச்சு, சீட்டு ராலேது."
முனிலட்சுமம்மா ஆறு லிட்டர் நானூறு ஊற்றிவிட்டு
காலி கேனை எடுக்க மாட்டேன் என்கிறாளாம்
காகிதம் கைக்கு வரும்வரை.

கையேட்டை அப்போதுதான் படித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு.
ஒருவர் பேசினால் வாலில்லாதது எழும்.
பலர் சேர்ந்து பேசினால் வால் வைத்தது.
எது வேண்டுமென்று நிறுவலே பார்த்துக்கொள்ளும்.

நான் பார்த்தது ராத்திரியில்.
ராத்திரியில் பேசுவது ஒரே ஒரு தராசு,
அதுவும் சோதனைக்கு,
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று.

பலமனேரி இயந்திரத்திலிருந்து ஒன்பதையும் இழுத்தேன்.
எட்டு உட்கார்ந்தது.
ஒன்று பழைய பதிப்பு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.
மூலத் தட்டு மேலாளர் பீரோவில்,
பீரோச் சாவி அவர் மனைவியிடம்,
மனைவி பங்காருபேட்டையில், தங்கை வீட்டு விசேஷத்தில்.
குருவராஜு கடப்பாரையோடு மாடியேறி வந்தான்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறு ஐம்பதுக்கு வரிசை அசைந்தது.
அறுநூற்றுப் பதினொரு செய்திகள்,
ஒன்றும் தொலையாமல், ஒன்றை ஒன்று முந்தாமல்.
இவ்வளவு நேரம் நின்றிருந்தால்
பாலாயிருந்தால் திரிந்திருக்கும்.

ஊர் ஊராகக் கைபேசிகள் கத்தியிருக்க வேண்டும்.
கீழே முனிலட்சுமம்மா சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
குருவராஜுவிடம் சண்டை போடுவது கேட்டது:
முனிலட்சுமா என்று அடித்திருக்கிறதாம்.
ஒரு 'ம்' இல்லாத பெயருக்குக் கணக்கு வேறு,
பாஸ்புக் மருமகள் கையில்.

நான் அதே அடைவுக்குள்
புதிதாக ஒரு கோப்பு எழுதினேன், ஒரே சொல்:
அழிக்காதே.
இருபத்தேழு பைட்.
அதற்கு இடம் இருந்தது.