ஒன்பது மில்லிமீட்டர்

இறக்காமத்துக் குளத்துத் துருசடியில் பெட்டியை நிறுத்தி
குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சடக்கித்
தொடங்கினோம், காலை ஆறே முக்காலுக்கு.

துருசிலிருந்து மதகுக்கு இறக்கம்,
ஒன்று தசம் இரண்டு நான்கு பூச்சியம்.
மதகிலிருந்து பள்ளிவாசல் படிக்கு ஏற்றம்,
இரண்டு தசம் ஒன்று ஒன்று ஐந்து.
படியிலிருந்து திரும்பவும் துருசுக்கு இறக்கம்,
பூச்சியம் தசம் எட்டு ஆறு ஆறு.
கூட்டிக் கழித்தால்
புறப்பட்ட கல்லுக்கே வந்து சேர்ந்த நாங்கள்
அதைவிட ஒன்பது மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறோம்.

துருசு வளரவில்லை. கொங்கிரீட்டு அது.

தெரியாதவை இரண்டு: மதகின் உயரம், படியின் உயரம்.
சமன்பாடுகள் மூன்று.
எந்த இரண்டை அழைத்தாலும் இணங்கிப் போகின்றன.
மூன்றாவது வந்து உட்கார்ந்ததும்
பேச்சு முறிகிறது.

"இதுல எது பொய், மிஸ்?"
வட்டவிதானை மீராலெவ்வைக்கு ஒரு பெயர் வேண்டும்.
மேல்வட்டைக்காரர் மதகைக் காட்டுகிறார்கள்,
கீழ்வட்டைக்காரர் துருசை.
தடி பிடிக்கும் ஜௌசி மட்டும்
"பள்ளிப் படியில போட்டு உடுங்க மிஸ்,
அது பொறுத்துக்கும்" என்கிறான்.

பொய் ஒன்றுமில்லை.
பத்து மணி வெயிலில் தடியின் இலக்கங்கள் நெளிந்தன.
களியில் தடி ஒரு மயிரளவு இறங்கியிருக்கும்.
எனக்கும் கண் கூசியது, ஒருமுறை, சொல்லவில்லை.

ஜீப்பின் பொனட்டில் வயற்புத்தகத்தை விரிக்கிறேன், கை சுடுகிறது.
தூரங்கள் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே.
ஒன்பதையும் ஒரு தலையில் சுமத்தினால்
வர்க்கம் எண்பத்தொன்று.
ஆளுக்கு மூன்றாய்ப் பிரித்தால்
ஒன்பதும் ஒன்பதும் ஒன்பதும், இருபத்தேழு.
இதற்குக் கீழே இறங்க
படி கிடையாது.

போன மாதம் காதியார் முன்னால்
அவர் ஒன்று சொன்னார், அவருடைய உம்மா ஒன்று சொன்னா,
நான் ஒன்று சொன்னேன்.
மூன்றையும் சுற்றி வந்தால்
தொடங்கிய வீட்டு வாசலுக்கு வரவில்லை.
பிரித்துப் போட அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.
ஒன்பதையும் என் பக்கம் எழுதிக்
கையொப்பம் கேட்டார்கள்.
எண்பத்தொன்று.
போட்டேன். பேனை அவருடையது.

மதகு, துருசுக்குக் கீழே ஒன்று தசம் இரண்டு நான்கு மூன்று.
படி, மேலே பூச்சியம் தசம் எட்டு ஆறு ஒன்பது.
இந்த எண்களை எவரும் அளக்கவில்லை.
எந்தத் தடியிலும் எந்தக் கண்ணும் கண்டதில்லை.
இவற்றை நம்பித்தான் சனிக்கிழமை
கீழ்வட்டை வாய்க்காலுக்குத் தளம் ஊற்றப் போகிறார்கள்.

"அப்ப மூணுமே பிழை எண்டு எழுதுறீங்க."
ஓம். மூன்றும், கொஞ்சம் கொஞ்சம்.
மீராலெவ்வை வெற்றிலையைத் துப்பிவிட்டு
மோட்டார் சைக்கிளை மிதிக்கிறார்.
மூன்றாம் மிதியில்தான் அது பற்றுகிறது.

வயற்புத்தகத்தில் அழிறப்பர் பாவிக்கக் கூடாது, திணைக்கள விதி.
பழைய வாசிப்பின் மேல் ஒரே ஒரு கோடு,
அடியில் கிடப்பதை வாசிக்கக் கூடியதாய்.
இரண்டு தசம் ஒன்று ஒன்று ஐந்தின் மேல்
இழுக்கிறேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று
ஜௌசி தடியின் காலைக் கழுவுகிறான்.
போகவில்லை, களி.