வெந்நீர் தயார்

ஓய்வு பெற்ற மாதம்
கையில் வந்த பணத்தில்
மிஸாவோவுக்கு ஒரு தொட்டி வாங்கினேன்.
ஆறிய நீரை உறிஞ்சிச்
சூடாக்கித் திருப்பித் தரும் தொட்டி.
நிறைந்ததும் சுவரிலிருந்து ஒரு பெண்குரல்:
"வெந்நீர் தயார்."
"இதோ வருகிறேன்" என்பாள் இவளும்,
ஆள் இருப்பதுபோல.
தொயாமாவின் பனியில்
முப்பத்தெட்டு வருடம் டிராம் ஓட்டியவனுக்கு
அதற்குமேல் ஆடம்பரம் தெரியவில்லை.

ஒன்பதாவது குளிர்காலத்தில்
அவள் இருமிய கைக்குட்டையில்
ஒரு துளி சிவப்பு.

காசநோய் இல்லை என்றார் டாக்டர் குரொய்வா.
அதற்குப் பங்காளி முறை.
ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவாது,
மண்ணில் இருக்கும், நீரில் இருக்கும்.
பிறகு பேனாவை மூடிக்கொண்டே,
மழை வருமா என்று கேட்பதுபோல்,
"வீட்டில் குளியலறை தேய்ப்பது யார்?"

நான் வாய் திறக்குமுன்
அவள் கையை உயர்த்தினாள்,
வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோல.

தினமும் முழங்காலிட்டு,
சூடு போய்விடுமே என்று சன்னலைச் சாத்தி,
ஷவரை முழுக்கத் திறந்துவிட்டு
மூலைக்கு மூலை தேய்த்தவள்.
கண்ணாடி மறையும்படி புகைமூட்டமாய் எழும் ஈரம்;
அதைத்தான் இழுத்து இழுத்து மூச்சு விட்டிருக்கிறாள்.
குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும்.
இவள் சேற்றைக் கழுவப் போனவள்.

பரிசோதனைக்கூடத்துப் பையன் வந்தான்,
காலுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு.
பஞ்சுக்குச்சியால் தொட்டான்
ஷவர் முகத்தை, வடிகாலை,
கடைசியில் தொட்டிச் சுவரில்
வெந்நீர் வந்து சேரும் வட்டத் துளையை.
மூடியைத் திருகி எடுத்தான்.
உள்ளே, நத்தை ஊர்ந்ததுபோல்
சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு.
திருகினால் கழன்று வரும் மூடி அது என்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.
பையன் மூச்சு விடவில்லை.
நானும்.

சில வாரம் கழித்து எழுதியிருந்தார்கள்:
சளியில் வளர்ந்ததும்
துளையில் வளர்ந்ததும்
ஒரே வம்சம்.

இப்போது மூன்று மாத்திரை,
ஒன்றரை வருடத்துக்குக் குறையாமல்.
ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறது.
இன்னொன்று கண்ணிலிருந்து
நிறங்களைத் திருடினாலும் திருடலாமாம்.
அதனால் காலையில் எழுந்ததும்
ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மறு கண்ணைப் பொத்தி,
நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகள்
இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றனவா என்று பார்க்கிறாள்.

தொட்டியை மாற்றிவிடலாம் என்றேன்.
"பாவம், அது என்ன செய்யும்" என்றாள்.
தொட்டியைச் சொன்னாளா,
கிருமியையா, என்னையா?
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சுற்றிவரும் நீரை நிறுத்தியாயிற்று.
குளித்த கையோடு தொட்டியைக் காலி செய்கிறோம்.
தேய்ப்பது நான்.
முகக்கவசம், ரப்பர் கையுறை,
அகலத் திறந்த சன்னல்.
பிப்ரவரிப் பனி உள்ளே வந்து
என் முழங்காலில் உட்கார்ந்து உருகுகிறது.
டிராம் கிளம்புமுன் சக்கரத்தடியில் குனிந்து பார்த்ததுபோல்
துளைக்குள் டார்ச் அடிக்கிறேன்.
ஒன்றும் தெரிவதில்லை.
ஒன்பது வருடமும்
இப்படி ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம்
மிஸாவோ நிற்கிறாள்.
இருமல். சற்று இடைவெளி.
பிரஷ் போகும் சத்தத்தை வைத்தே
கண்டுபிடித்துவிடுகிறாள்:
"இடது மூலை!
இடது மூலையை விட்டுவிட்டீர்கள்!"