மூன்றாவது கியர்

டிக்கியைத் திறந்து டேப் வைத்து அளக்கிறான் ஜெரால்டு.
இருபத்தைந்து கிலோ பொன்னி மூட்டை,
இனியாவின் மடக்கு சைக்கிள்,
தேங்காய்த்திட்டு மீனுக்கு ஐஸ் பெட்டி.
"எல்லாம் வைத்தால் மூடுமா?"
ஷோரூம் பையன் காலி டிக்கியை
மூடிக் காட்டுகிறான்.

அரியாங்குப்பம் பாலம் வரை
நல்ல பிள்ளையாகத்தான் ஓட்டினேன்.
தவளக்குப்பம் தாண்டி
கடலூர் ரோடு கொஞ்சம் கால் நீட்டிய இடத்தில்
மூன்றாவது போட்டு மிதித்தேன்.

யாரோ என்னை சீட்டோடு சேர்த்து அழுத்தினார்கள்.
பதினோரு வருடமாக
எந்த டிபன்பாக்ஸுக்கு எந்த மூடி என்று
ஞாபகம் வைத்திருக்கும் என்னை.
இனியா கத்தினாள், சந்தோஷமாக.
ஜெரால்டு மேலே கைப்பிடியைப் பற்றியபடி
மைலேஜ் கேட்டான்.
"பதினெட்டு சார்."
"இவள் ஓட்டினால்?"
பையன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
"பன்னிரண்டு."

பெயிண்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று.
அடி உரசவில்லை.
ஜெரால்டின் பேப்பரில் அதற்கு ஒரு டிக்.
வெள்ளை வாங்கினால் விற்கும்போது நல்ல விலையாம்,
அதற்கும் ஒன்று.

தெரியும்,
நாளை முதல் எனக்கு நெல்லித்தோப்பு சிக்னல்,
முன்னால் தண்ணீர் கேன் ஏற்றிய டெம்போ,
இரண்டாவதைத் தாண்டாத கை.
மாதத் தவணையும் மூன்றாவதில் ஓடாது.

திரும்பும்போது பையன் போனில் இருந்தான்.
ஜெரால்டு முன்னால் சாய்ந்து
என் காதருகே, கார் ஓட்டவே தெரியாத ஜெரால்டு,
"இன்னொரு தடவை அப்படி மிதியேன்" என்றான்.

முருங்கப்பாக்கத்தில் சிவப்பு விழுந்திருந்தது.
எழுபத்தி நான்கு வினாடி.
எழுபத்தி மூன்று.